கல்நாரும் அதனால் விளையும் கேடும்

உலகில் மக்களுக்கு நேரும் இடுக்கண்கள் இருவகைப்படும். ஒன்று, வந்த அன்றே தன் வலி முழுவதையும் காட்டிச் செல்வது. மற்றொன்று, வந்ததே தெரியாமல் உட்புகுந்து, பல்லாண்டு உறங்கிக் கிடந்து, பின்னர் எழுவது. நிலநடுக்கமும் புயலும் வெள்ளமும் முதல் வகையின. அவற்றைக் கண்டு அஞ்சாதார் இலர். இரண்டாம் வகையைச் சார்ந்தவற்றை மக்கள் அஞ்சுவதில்லை. அறியாமையே அதற்குக் காரணம். சிற்சில வேளைகளில் இவ்விரண்டும் ஒருங்கே கூடி வருவதும் உண்டு. நிலம் நடுங்கி வீடுகள் வீழ்ந்தவிடத்து, அவ்வீடுகளின் இடிபாட்டினின்று எழும் தூளே பின்னொரு காலத்திற் கூற்றாகி நிற்பதைக் கண்டிருக்கின்றோம். அத்தூளுள் மிகக் கொடியது கல்நார் என்பது. ஆஸ்பெஸ்டாஸ் என்று நம் ஊர்களில் எல்லாரும் கூரைத் தகட்டின் பெயரால் அறிந்திருப்பதும் இதுவே. இதன் இயல்பு யாது, இது தொழிற்சாலையில் உழைப்பாரை எங்ஙனம் வருத்திற்று, பேரிடருக்குப் பின்னர் எங்ஙனம் வெளிப்படுகின்றது, இதனின்று காத்துக்கொள்ளும் வழி யாது என்னும் நான்கினையும் முறையே ஆராய்வாம்.

1. கல்நாரின் இயல்பு

கல்நார் என்பது காரணப் பெயர். கல்லிற் பிறந்தும் நாரின் தன்மை உடைத்தாதலின் அப்பெயர் பெற்றது. மலைப் பாறைகளின் வெடிப்புகளில் நரம்பு ஓடினாற்போல இது படிந்து கிடக்கும். வெட்டியெடுத்து இடித்துப் பிரித்தால் பஞ்சினைப்போல இழையிழையாய்ப் பிரியும். அவ்விழையை நூலாக நூற்கலாம். நூலை ஆடையாக நெய்யலாம். கல்லொன்று ஆடையாவது வியப்பன்றோ? அவ்வாடையைத் தீயிலிட்டாலும் அது வேகாது. கிரேக்கர் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'அணைக்கவொண்ணாதது' என்பதாம்.

பண்டை மக்கள் இதனை ஓர் அற்புதமாகவே கருதினர். ஏதென்ஸ் நகரத்து அதீனா கோயிலிற் பொன்விளக்கு ஒன்று இருந்ததென்றும், அதன் திரி தீயால் அழியாத ஒருவகை நாரால் ஆயதென்றும் கி. பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌசானியாஸ் என்னும் யாத்திரிகர் எழுதி வைத்திருக்கின்றார். அது கல்நாரே என்பர் அறிஞர். தீயில் வேகாத துணி, தீயில் வாழும் ஒரு பிராணியின் உரோமத்தால் நெய்யப்பட்டதென்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பி வந்தனர். 13-ஆம் நூற்றாண்டிற் கீழ்நாடுகளிற் பயணம் செய்த மார்க்கோ போலோ, அது பிராணியின் உரோமமன்று, மலையினின்று அகழ்ந்தெடுக்கும் பொருளே என்று கூறி அந்நம்பிக்கையை மறுத்தார்.

கல்நாருள் ஆறு வகை உள. அவற்றுள் வாணிகத்திற் பெரிதும் பயின்றவை மூன்று. வெண்ணிறமுடைய கிரிசோடைல், பழுப்பு நிறமுடைய அமோசைட், நீல நிறமுடைய குரோசிடோலைட் என்பன அவை. இவை தீயாலும் பலவகை அமிலங்களாலும் எளிதில் அழியா, இழுத்தால் எளிதில் அறா, வெப்பத்தையும் மின்சாரத்தையும் தடுக்கும், விலையும் மலிவு. இத்துணைக் குணங்களும் ஒருங்கே அமைந்த பொருள் வேறு ஒன்றைக் காண்டல் அரிது. ஆதலின், 19-ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரங்கள் பெருகியபோது கொதிகலன்களுக்கும் குழாய்களுக்கும் மேற்போர்வையாக இது வேண்டப்பட்டது. 1901-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு லுட்விக் ஹாட்செக் என்பார், கல்நாரைச் சிமெண்டுடன் கலந்து மெல்லிய தகடாக்கும் முறைக்கு உரிமைச் சாசனம் பெற்றார். அதன்பின் கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய், சுவர்ப்பலகை என இது உலகெங்கும் பரவிற்று. வண்டிகளின் பிரேக்குக் கட்டைகளிலும், தீக்காப்புக்காக எஃகுக் கட்டடங்களின் தூண் விட்டங்களின்மேற் பீற்றும் பூச்சிலும் இது இடம் பெற்றது.

2. இது கேடு செய்யும் வகை

இத்துணை நன்மையுடைய பொருள் தீமை செய்வது எவ்வாறு எனின், கூறுவாம். கல்நார் நஞ்சுபோல இரத்தத்திற் கலந்து கொல்வதன்று. அதன் தீமை அதன் வடிவிலும் அழியாமையிலுமே உளது. எக்குணத்தைக் கருதி மக்கள் அதனை விரும்பினரோ அக்குணமே அவர்க்குப் பகையாயிற்று.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோமீட்டர் எனப்படும். மனிதனது தலைமயிரின் பருமை ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். கல்நார் இழையோ 3 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த பருமையும் 5 மைக்ரோமீட்டருக்கு மிகுந்த நீளமும் உடைத்தாயின் மிகக் கேடு செய்யும் என்பது அறிஞர் துணிபு. மேலும், வேறு பொருள்கள் உடைந்தாற் குறுக்கே துண்டாகும். கல்நார் உடையுந்தோறும் நெடுகப் பிளந்து முன்னினும் மெல்லிய இழைகளாகும். இவ்விழைகள் கண்ணுக்குப் புலனாகா; மணமும் இல; தொண்டையிற் கரகரப்பும் செய்யா. ஒருமுறை எழுந்தால் மணிக்கணக்கிற் காற்றில் மிதந்து நிற்கும்.

பருத்த தூளை மூக்கிலுள்ள மயிரும் கோழையும் தடுத்துவிடும். இம்மெல்லிழைகள் அக்காவலைக் கடந்து நுரையீரலின் கடையிலுள்ள நுண்ணிய காற்றறைகளைச் சென்றடைகின்றன. அங்கே துப்புரவுப் பணி செய்யும் உயிரணுக்கள் உள. வேற்றுப் பொருள் எது வரினும் அதனை விழுங்கிச் செரித்துவிடுவது அவற்றின் தொழில். கல்நார் இழையோ அவ்வுயிரணுவினும் நீளமானது. விழுங்கத் தொடங்கிய உயிரணு அதனை முழுதும் விழுங்கவும் மாட்டாது, உமிழவும் மாட்டாது, அழிந்துபடும். அழியும்போது தன்னகத்திருந்த காரச் சத்துக்களைச் சூழவுள்ள மெல்லிய தசையின்மேற் கொட்டிவிடும். மற்றோர் உயிரணு வந்து அவ்வாறே அழியும். இழை மட்டும் அழிவதில்லை. இங்ஙனம் ஆண்டாண்டாக நடக்கும் போராட்டத்தால் நுரையீரலில் தழும்பு மேல் தழும்பு ஏறி, அது தோல் போலத் தடித்து, விரியும் தன்மையை இழக்கும். மூச்சு வாங்குதல், வறட்டிருமல், விரல் நுனி பருத்தல் ஆகிய குறிகள் தோன்றும். இதுவே கல்நார்த் தழும்பு நோய், ஆஸ்பெஸ்டோசிஸ் என்பர்.

இதனோடு நின்றபாடில்லை. நுரையீரற் புற்றுநோயும் இதனால் வரும். நுரையீரலைப் போர்த்திருக்கும் சவ்விலும் வயிற்றறையின் சவ்விலும் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய்க்குக் கல்நாரே தலையாய காரணம். குரல்வளையிலும் பெண்களின் சூற்பையிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. ஆறு வகைக் கல்நாரும் புற்றுநோய் செய்வனவே என்பது உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் முடிபு. புகை பிடிப்பார்க்கு நுரையீரற் புற்றுநோயின் அச்சம் பன்மடங்கு மிகும்.

இவை யாவற்றினும் கருதத்தக்கது இந்நோய்களின் காலத் தாழ்ப்பே. இழையை உட்கொண்ட நாளுக்கும் மீசோதீலியோமா வெளிப்படும் நாளுக்கும் இடையே 20 முதல் 50 ஆண்டு வரை செல்லும். இருபது வயதில் உட்கொண்டதன் பயனை ஐம்பதிலோ அறுபதிலோ ஒருவன் காண்பான். அப்பொழுது அந்நாள் அவன் நினைவிலும் இராது. தொழிலிடத்துக் கல்நாரால் உலகில் ஆண்டுதோறும் 2 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது. இவ்வளவுவரை தீமையில்லை என்று வரையறுக்கத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை.

3. தொழிற்சாலையில் நேர்ந்தது

இக்கேடு நேற்று இன்று அறியப்பட்டதன்று. இங்கிலாந்தில் 1898-ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைப் பெண் அதிகாரியான லூசி டீன் என்பார், கல்நார் ஆலைகளின் தூள் பூதக்கண்ணாடியால் ஆராயப்பட்டபோது அது கண்ணாடித் துண்டுபோற் கூரியதாய் இருத்தல் காணப்பட்டது என்றும், அதனால் உழைப்பாளர்க்குத் தீங்கு நேர்கின்றது என்றும் அரசாங்கத்திற்கு எழுதினார். அடுத்த ஆண்டில் லண்டன் மருத்துவமனையொன்றில் மர்ரே என்னும் வைத்தியரிடம் கல்நார் ஆலைத் தொழிலாளி ஒருவர் வந்தார். தம்முடன் ஒரே அறையில் வேலை செய்த பத்துப் பேருள் உயிரோடிருப்பவர் தாம் ஒருவரே என்று அவர் கூறினார். அவரும் விரைவில் இறந்தார். அவரது நுரையீரலிற் கல்நார் இழை காணப்பட்டது.

பின்னும் கால் நூற்றாண்டு கழிந்தது. 1924-ஆம் ஆண்டில் ராக்டேல் என்னும் ஊரில் கல்நார் நூற்கும் ஆலையிற் பணிசெய்த நெல்லி கெர்ஷா என்னும் பெண்மணி தம் 33-ஆம் வயதில் இறந்தார். குக் என்னும் வைத்தியர் அவரது நுரையீரலை ஆராய்ந்து, மரணத்திற்குக் காரணம் கல்நார்த் தூளே என்று மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதன் பின்னரே அரசாங்கம் விழித்தது. மெரிவெதர் என்னும் மருத்துவ அதிகாரி 363 தொழிலாளரை நேரிற் சோதித்து 1930-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தார். அவருள் 95 பேர்க்கு, அதாவது நால்வருள் ஒருவர்க்கு, நுரையீரல் தழும்பேறியிருந்தது. இருபதாண்டும் அதற்கு மேலும் உழைத்தாருள் நூற்றுக்கு எண்பதின்மர் நோயுற்றிருந்தனர். 1931-இல் விதிகள் பிறந்தன. தூளை இழுத்து வெளியேற்றும் விசிறிகள் அமைத்தல் வேண்டும் என்றும், தொழிலாளரை வைத்தியர் சோதித்தல் வேண்டும் என்றும் அவை கூறின. லூசி டீன் எழுதிய ஆண்டிற்கும் விதி பிறந்த ஆண்டிற்கும் இடையே சென்றவை 33 ஆண்டுகள். அவ்விதிகளும் கல்நார் ஆலைகளின் சில வேலைகளுக்கே உரியனவாயின. கல்நாரை வாங்கிப் பயன்படுத்திய கப்பல் துறையாரும் கொத்தரும் தச்சரும் அவற்றின் புறத்தே நின்றனர்.

1955-இல் ரிச்சர்டு டால் என்பார் நுரையீரற் புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பைக் கணக்கால் நிறுவினார். 1960-இல் தென் ஆப்பிரிக்காவில் வாக்னரும் அவர்தம் தோழரும் மீசோதீலியோமா உற்ற 33 பேரின் வரலாற்றை வெளியிட்டனர். அவருள் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்திலர். நீலக் கல்நார் அகழும் ஊரிற் பிறந்து வளர்ந்த அளவே அவர்க்கு நோய் வரப் போதுமானதாயிற்று.

ஈண்டுப் பெறும் பாடம் யாது? நோய்க்கு ஆளாவார் ஆலையினுள் நின்று உழைப்பார் மட்டும் அல்லர். உழைத்து வீடு திரும்பும் கணவனது சட்டையை உதறித் துவைக்கும் மனைவியும், தந்தையின் மடியிலேறும் குழந்தையும், ஆலையின் காற்று வீசும் திக்கில் வாழ்வாரும் அதற்கு ஆளாவர். தூளுக்கு வாயிற்காவலன் இல்லை.

4. ஹியோகோ நாட்டு வரலாறு

தொழிலால் வரும் கேட்டையும் பேரிடரால் வரும் கேட்டையும் ஒரே நிலப்பகுதியில் ஒருங்கே காண வேண்டுமாயின் ஜப்பான் தேசத்து ஹியோகோ என்னும் மாகாணத்தை நோக்குதல் வேண்டும். அதன்கண் அமகசாகி, கோபே என்னும் இரு நகரங்கள் அருகருகே கடலோரத்தில் அமைந்துள்ளன.

அமகசாகியில் குபோட்டா கம்பெனியாரின் தொழிற்சாலை ஒன்றிற் கல்நார்ச் சிமெண்டுத் தண்ணீர்க் குழாய்கள் செய்யப்பட்டன. 1957 முதல் 1975 வரை அங்கு நீலக் கல்நார் கையாளப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அத்தொழிற்சாலைத் தொழிலாளர் பலர் கல்நார் நோயால் இறந்தமையும், அதனுள் ஒருநாளும் அடியிடாத அண்டை வீட்டார் சிலர்க்கும் மீசோதீலியோமா கண்டமையும் வெளியாயின. தேசம் முழுவதும் திடுக்கிட்டது. மறு ஆண்டிலேயே, தொழிலாளர் அல்லாதார்க்கும் உதவி வழங்கும் தனிச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. கல்நாரைப் புதிதாகப் பயன்படுத்துவதும் அவ்வாண்டிலேயே ஏறக்குறைய முழுதும் தடுக்கப்பட்டது. பின்னர் 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், ஒசாகாவை அடுத்த சென்னான் என்னும் ஊரின் கல்நார் நூற்பாலைத் தொழிலாளர் தொடுத்த வழக்கில், தூளை இழுக்கும் விசிறியைக் காலத்தே கட்டாயமாக்காத குற்றம் அரசாங்கத்தைச் சாரும் என்று ஜப்பானியத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனிக் கோபேயைக் காண்போம். 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் விடியற்காலை 5 மணி 46 நிமிடத்திற்கு அந்நகர் நடுங்கிற்று. பெருநடுக்கம் நின்றது அரை நிமிடத்திற்கும் குறைந்த பொழுதே. மாண்டவர் 6,434 பேர். முற்றும் அழிந்த வீடுகள் ஒரு இலட்சத்தின் மேலாயின. இடிபாடு ஏறத்தாழ 2 கோடி டன் இருக்கும் என மதிப்பிடப்பட்டது. அவ்விடிபாட்டுள், ஜப்பானிற் பீற்றுப் பூச்சு விலக்கப்பட்ட 1975-க்கு முன்னர்க் கட்டிய எஃகுக் கட்டடங்களும் பல இருந்தன.

மக்களுக்கு விரைந்து வீடு வேண்டும். பாதைகள் திறக்க வேண்டும். ஆதலின் இடிக்கும் பணி பெருவிரைவில் நடந்தது. கட்டடத்தை இடிக்குமுன் கல்நாரை அகற்றுக என்று கட்டாயப்படுத்தும் விதி அந்நாளில் இருந்திலது. தூள் அடங்க நீர் தெளிக்கலாம் எனின், நகரத்து நீர்க்குழாய்கள் நிலத்தினுள்ளே முறிந்து கிடந்தன. குடிக்கவே நீரில்லாதவிடத்துத் தூளுக்கு நீர் எங்ஙனம் கிட்டும்? நகரெங்கும் வெண்புழுதி மூடிற்று. இடிப்போரும், இடிபாட்டைச் சுமப்போரும், உதவிக்கு வந்த இளைஞரும், கூடாரங்களில் வாழ்ந்த மக்களும் அதனையே மூச்சாக வாங்கினர். முகமூடி அணிந்தார் சிலரே. அணிந்ததும் பெரும்பாலும் மெல்லிய துணியே.

மாதங்கள் சென்றன, நகரம் மீண்டும் எழுந்தது, புழுதியும் மறக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2008 முதலாக, நிலநடுக்கத்தின்பின் இடிபாடு அகற்றியவருள் மீசோதீலியோமா உற்றவர் ஒருவர்பின் ஒருவராய் அறியப்பட்டு, அது தொழிலால் வந்த நோயே என ஏற்கப்பட்டது. அவருள் ஒருவர் அவ்வேலை செய்தது ஏறத்தாழ இரண்டு மாதங்களே. வாழ்நாள் முழுவதும் ஆலையில் உழைத்தார்க்கு வரும் நோய், சில வாரம் உதவி செய்தார்க்கும் வரக்கூடும் என்பது இதனாற் பெறப்படுகின்றது. நடுக்கத்தால் இறந்தாரை அன்றே எண்ணி முடித்தனர். தூளால் இறப்பாரின் கணக்கு இன்னும் முடிந்திலது. காலத் தாழ்ப்பை நோக்கினால் இனி வரும் ஆண்டுகளிலேயே அக்கணக்கு மிகுதற்கு இடமுண்டு.

கோபே பயனின்றி வருந்தவில்லை. 1996-ஆம் ஆண்டில் ஜப்பானியர் தம் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தி, கல்நார்ப் பூச்சுள்ள கட்டடங்களை இடிப்பதற்கு விதி வகுத்தனர். 2011-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் வடகிழக்குக் கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, மீண்டும் 2 கோடி டன் அளவு இடிபாடு குவிந்தது. இம்முறை முகமூடிகள் வழங்கப்பட்டன. காற்றிலுள்ள இழைகளைப் பல இடங்களில் அளந்து பார்த்தனர். குறைகள் இல்லாமற் போகவில்லை. ஆயினும் கேட்டின் பெயரையேனும் அறிந்து வேலை தொடங்கினர்.

5. பேரிடர்க் காலத்தில் இக்கேடு மிகுவதற்குக் காரணங்கள்

கல்நார்த் தகடு முழுமையாய்க் கூரைமேற் கிடக்கும்வரை அதனால் விளையும் அச்சம் சிறிதே. தகட்டிற் பத்தில் ஒரு பங்கு அளவே கல்நார்; எஞ்சியது பெரும்பாலும் சிமெண்டு. சிமெண்டு அவ்விழைகளைப் பற்றிக்கொண்டிருக்கும். வெயிலாலும் மழையாலும் மேற்பரப்பு அரிக்கப்பட்டபோதும், அறுத்தபோதும், துளையிட்டபோதும், உடைத்தபோதுமே இழைகள் விடுதலை பெறும். பீற்றுப் பூச்சோ சிமெண்டின் பிடி குறைந்தது. ஆதலின் தொட்டாலே உதிரும். பேரிடர் ஒன்று ஒரே நாளில் ஆயிரம் ஆயிரம் தகடுகளை உடைத்துப் பூச்சுகளை உதிர்த்துவிடுகின்றது. இது முதற் காரணம்.

உடைந்த கல்நார் பிற இடிபாட்டோடு கலந்து, எது எதுவெனப் பிரித்தறிய ஒண்ணாமை இரண்டாவது. வீட்டுக்குடையவர் இறந்தோ இடம்பெயர்ந்தோ போயினமையால், அவ்வீட்டில் எங்கே எப்பொருள் இருந்தது என்று கூறுவார் இல்லாமை மூன்றாவது. வேலை செய்வார் இத்தொழிலிற் பழகாத பொதுமக்களும் தொண்டர்களுமாய் இருத்தல் நான்காவது. உயிர் காக்கும் அவசரத்திற் பின்வரும் நோயை எண்ணப் பொழுதில்லாமை ஐந்தாவது.

வெள்ளத்திலும் பேரலையிலும் இன்னும் ஒரு மயக்கம் உண்டு. சேறு ஈரமாய் இருக்கும்வரை இழைகள் அதனுள் அடங்கிக் கிடக்கும். காற்றும் தெளிவாகவே இருக்கும். அபாயம் நீங்கிற்று என மக்கள் எண்ணுவர். சில வாரத்திற் சேறு உலர்ந்து, வண்டிச் சக்கரத்தின்கீழ்ப் பொடியாகி, காற்றிற் பறக்கும். முகமூடியைக் கழற்றிவிட்ட அந்நாளே அது மிகவும் வேண்டப்படும் நாள்.

6. நம் நாட்டின் நிலை

உலகில் 50-க்கு மேற்பட்ட நாடுகள் கல்நாரை விலக்கிவிட்டன. 1983-இல் ஐஸ்லாந்து இதற்கு வழிகாட்டிற்று. இந்தியாவிலோ வெண்கல்நார் பெருமளவில் வெளிநாடுகளினின்று வரவழைக்கப்பட்டுக் கூரைத் தகடாக்கப்படுகின்றது. ஓலைக்கூரை தீப்பற்றும், ஓட்டுக்கூரைக்கு மரச்சட்டம் மிகுதியும் வேண்டும், இரும்புத் தகடு துருப்பிடிக்கும். ஆதலின் ஏழையர்க்குக் கல்நார்த் தகடு வாய்ப்பாயிற்று. அதனை வாங்கியது அவர் குற்றமன்று.

கோபே நடுங்கிய பத்தாம் நாள், 1995 ஜனவரி 27-இல், நம் நாட்டு உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளரைப் பற்றிப் பெருந்தீர்ப்பொன்று அளித்தது. ஒவ்வொரு தொழிலாளரின் உடல்நலப் பதிவையும் அவர் வேலையிற் சேர்ந்தது முதல் 40 ஆண்டு, அல்லது வேலையினின்று நீங்கியபின் 15 ஆண்டு, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காத்தல் வேண்டும் என்று அத்தீர்ப்புக் கூறிற்று. நோயுற்றார்க்கு ஒரு இலட்சம் ரூபாய் ஈடு வழங்குமாறும் பணித்தது. நாற்பது ஆண்டு என்று வரையறுத்தமை இந்நோயின் காலத் தாழ்ப்பை நீதிபதிகள் நன்குணர்ந்தமையைக் காட்டும். ஆயினும் அப்பதிவு ஆலையில் நிலையாக வேலை செய்வாரையே காக்கும். கூலிக்கு வந்து தகட்டை அறுத்துப் பொருத்தும் தச்சரையும், பழைய கூரையைப் பிரித்தெறியும் கூலியாட்களையும் எப்பதிவேட்டிற் காண்பது?

நமது கரையோ புயலுக்குப் பழகிய கரை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. 2018 நவம்பர் 16-இல் கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்தை அடுத்துக் கரையேறிற்று. புயற் காற்றிற் கூரைத் தகடுகள் பெயர்ந்து பறந்து நொறுங்குவதைக் கண்ணாற் கண்டவர் பலர். மறுநாட்காலையில் நாம் செய்வது என்ன? துடைப்பத்தை எடுத்து உலர்ந்த தூளைப் பெருக்குகின்றோம்; உடைந்த தகட்டை மிதித்துச் சிறுதுண்டாக்கிப் பள்ளத்தை நிரப்புகின்றோம்; நல்லதாய்த் தோன்றும் துண்டைக் கோழிக்கூட்டுக்கு மூடியாக வைக்கின்றோம்; குழந்தைகளோ அத்துண்டை எடுத்துத் தரையிற் கோடு கிழித்து விளையாடுகின்றனர். இவை யாவும் தீய எண்ணத்தாற் செய்வனவல்ல, அறியாமையாற் செய்வன. அறிவித்தல் கற்றார் கடமை.

7. காத்துக்கொள்ளும் வழி

பேரிடர் நேர்ந்தவிடத்து உதவி செய்யச் செல்லும் மாணவ நண்பர்கள் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, ஐயமுள்ள தகட்டைக் கல்நார் எனவே கொள்க. கல்நார் கலந்ததையும் கலவாததையும் கண்ணால் மட்டும் வேறுபடுத்தல் இயலாது. ஆய்வுக்கூடத்திற் பூதக்கண்ணாடியால் நோக்கியே அறிதல் கூடும்.

இரண்டாவது, உடையாதிருப்பதை உடைக்கற்க. முழுத்தகட்டை ஆணி கழற்றி, இருவர் பிடித்து, மெல்ல இறக்குக. மேலிருந்து எறிதலும் சுத்தியால் நொறுக்குதலும் ஆகா. மின்வாளால் அறுத்தல் எல்லாவற்றினும் தீது. நனைந்த தகடு வழுக்கும். பழந்தகடு மனிதர் பளுவைத் தாங்காது முறியும். ஆதலின் அதன்மேல் ஏறி நிற்றல் கூடாது. தூளுக்கு அஞ்சுமுன் வீழ்ச்சிக்கு அஞ்சுக.

மூன்றாவது, நனைத்த பின்னரே கையாளுக. சிறிதளவு சவர்க்காரம் கலந்த நீரைப் பூவாளியால் தெளித்தால் தூள் எழாது. வேகமாய்ப் பீய்ச்சும் குழாய் நீர் இழையைப் பெயர்த்துவிடும், அது வேண்டா. உலர்ந்த தூளைப் பெருக்காது ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அத்துணியையும் கழிவோடு சேர்த்துவிடுக.

நான்காவது, தக்க முகமூடி அணிக. கைக்குட்டையும் துணி முகமூடியும் மருத்துவமனையில் அணியும் மெல்லிய முகமூடியும் இவ்விழைகளைத் தடுக்கமாட்டா. எஃப்.எஃப்.பி-3 அல்லது பி-100 என்று குறியிடப்பட்டவையே இதற்குத் தக்கன. அவை கிட்டாத அவசரத்தில் என்-95 ஓரளவு துணை செய்யும். எதுவாயினும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துதல் வேண்டும்.

ஐந்தாவது, வேலை முடிந்ததும் உடையை உதறாது நனைத்துக் கழற்றித் தனியே துவைத்து, உடல் முழுதும் நீராடுக. அவ்வுடையோடு வீட்டினுட் புகுதலும், பிறர் உடையோடு சேர்த்துத் துவைத்தலும், வேலையிடத்தில் உண்ணுதலும் புகை பிடித்தலும் கூடா.

ஆறாவது, கழிவை இரட்டைப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, இன்னதென்று எழுதி வைத்து, அரசாங்கத்தார் குறித்த இடத்தில் ஒப்புவிக்க. தீயில் வேகாத பொருளாதலின் எரித்துப் பயனில்லை. வெப்பத்தால் தகடு வெடித்து இழை பறத்தலே மிச்சம். குளத்திலும் வயலிலும் கொட்டினால் பின்வருவோர் அதனை மீண்டும் தோண்டுவர்.

இறுதியாக, குழந்தைகளையும் இளைஞரையும் இவ்வேலையினின்று இயன்றவரை விலக்குக. வாழ்நாள் நெடிதாக எஞ்சியிருப்பார்க்கே இந்நோய் முற்றுதற்கு வேண்டிய காலமும் எஞ்சியிருக்கின்றது.

முடிவுரை

இதனைப் படிப்போர் அஞ்சிக் கைகட்டி நிற்றல் எம் கருத்தன்று. இடிபாட்டின்கீழ் உயிர் ஒன்று துடிக்குமாயின் முகமூடி தேடிக் காலங்கழிப்பார் உளரோ? அவ்வேளையில் முதலில் கை நீட்டுவதே கடன். ஆயின் உயிர் மீட்கும் அவசரம் சில நாளில் முடியும். அதன்பின் பல மாதம் நடப்பது இடிபாடு நீக்கும் வேலை. அதற்கு ஒருநாட் பொழுது தாழ்த்து, நீரும் முகமூடியும் சேர்த்துக்கொண்டு தொடங்கினால் இழப்பு ஒன்றும் இல்லை. கோபேயில் அவ்வொருநாட் பொறுமை வாயாமையால் நேர்ந்த இழப்பை மேலே கண்டோம்.

பிறர்க்கு உதவச் சென்றவன் முப்பது ஆண்டு கழித்துத் தன் உதவியின் பொருட்டே மூச்சுத் திணறிக் கிடத்தல் இரங்கத்தக்கது. அவனை அங்கே அனுப்பியவர் அவன் கையில் மண்வெட்டியோடு நல்லதொரு முகமூடியும் கொடுத்திருப்பாராயின் அது நேர்ந்திராது. தொண்டு செய்வாரைத் திரட்டுவோர் அனைவரும் இதனை மறவாது கைக்கொள்வார்களாக.